இடப்பக்கப் பட்டியலில் எவை இருக்க வேண்டும்?

தரவுத்தள மேலாண்மைக் கருவி எதுவானாலும், திறந்தவுடன் இடப்பக்கத்தில் ஒரு பட்டியல் விரிகிறது. சர்வரில் உள்ள தரவுத்தளங்களின் பெயர்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பெயரைச் சொடுக்கினால் அட்டவணைகள் வரும். அட்டவணையைச் சொடுக்கினால் தரவு வரும். ஒரு கடையின் கணக்குக்காக மைஎஸ்க்யூஎல் 8 சர்வரில் ஒரே ஒரு தரவுத்தளத்தை உருவாக்கிய நிர்வாகி அந்தப் பட்டியலில் ஐந்து பெயர்களைப் பார்ப்பார். தாம் உருவாக்கியது ஒன்று. சர்வர் தன் வேலைக்காக வைத்திருப்பவை நான்கு: இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா, பெர்ஃபாமன்ஸ்_ஸ்கீமா, மைஎஸ்க்யூஎல், சிஸ். போஸ்ட்கிரெஸ் சர்வரை நிறுவிய கையோடு திறந்தால் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 என மூன்று இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் மாஸ்டர், மாடல், எம்எஸ்டிபி, டெம்ப்டிபி என நான்கு. அங்கே ஐந்தாவதாக ரிசோர்ஸ் என்று ஒன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த அது படிக்க மட்டுமே ஆனது. மேலாண்மைக் கருவியின் பட்டியலில் அது வருவதே இல்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவைச் சர்வரைச் செய்தவர்களே முதலில் எடுத்துவிடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

ஐந்து பெயர்கள் யாருக்கும் தொல்லை தராது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திலும், ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித் தரவுத்தளம் போட்டுவைத்திருக்கும் அலுவலகத்திலும்தான் கேள்வி எழுகிறது. இந்தப் பயனருக்கு இவற்றில் எவை கண்ணில் பட வேண்டும்? இதற்கு விடை சொல்லும் இடங்கள் இரண்டு. சர்வர் சொல்லும் விடை, ஒருவர் எதைப் பார்க்கலாம் என்பது. கருவி சொல்லும் விடை, ஒருவர் எதைப் பார்க்க விரும்புகிறார் என்பது. முன்னது பாதுகாப்பைச் சேர்ந்தது, பின்னது வசதியைச் சேர்ந்தது. இத்துறையில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொடர்புமுறைத் தரவுத்தளக் கொள்கையை வகுத்த எட்கர் காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் நான்காவது இதைப் பற்றியது. தரவுத்தளத்தின் அமைப்பைச் சொல்லும் தகவலும் மற்றத் தரவைப் போலவே அட்டவணைகளில் இருக்க வேண்டும், அதே வினவல் மொழியால் அதைக் கேட்டறிய முடிய வேண்டும் என்றார் அவர். இன்றைய சர்வர்கள் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லில் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவுக்குள் ஸ்கீமேட்டா என்றோர் அட்டவணை இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் பிஜி_டேட்டாபேஸ்; எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்.டேட்டாபேசஸ். கருவி செய்வதெல்லாம் இந்த அட்டவணையிடம் ஒரு வினவலை அனுப்பி, வரும் விடையை மரம்போல் வரைந்து காட்டுவதுதான். ஆகவே பட்டியலைச் சுருக்குவது என்றால், அடிப்படையில் அந்த வினவலோடு ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது.

சொல் வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளம் வீடு, ஸ்கீமா அதற்குள் இருக்கும் அறை. ஆரக்கிளில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்கீமா. அங்கே பட்டியலில் வருபவை பெரும்பாலும் ஸ்கீமாக்களே. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் டெவலப்பர் கருவி பயனரின் சொந்த ஸ்கீமாவை மேலே வைத்து, மற்றவற்றை "பிற பயனர்கள்" என்ற கிளைக்குள் ஒதுக்கிவிடுகிறது. ஒரு சர்வரில் பழகியவர் இன்னொரு சர்வருக்கு மாறும்போது தேடுவது கிடைக்காமல் திகைப்பதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே பாதிக் காரணம்.

சர்வர் தரும் விடையில் மைஎஸ்க்யூஎல்லின் வழி தெளிவானது. ஷோ டேட்டாபேசஸ் என்ற கட்டளையைக் கொடுக்கும் பயனருக்கு, ஏதாவதோர் உரிமை உள்ள தரவுத்தளங்கள் மட்டுமே தெரியும். எந்த உரிமையும் இல்லாத தரவுத்தளத்தின் பெயரே அவர் கண்ணில் படாது. இந்த ஒழுங்கு 4.0 வரிசைப் பதிப்புகளில் வந்தது. அதற்கு முன் எல்லாப் பெயர்களும் எல்லோருக்கும் தெரிந்தன. தடுக்க வேண்டுமானால் சர்வரைத் தொடங்கும்போதே ஸ்கிப்-ஷோ-டேட்டாபேஸ் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விருப்பம் இன்றும் இருக்கிறது. அதை இட்டால், ஷோ டேட்டாபேசஸ் என்ற தனி உரிமை பெற்றவர் தவிர வேறு யாரும் அந்தக் கட்டளையை நடத்தவே முடியாது.

ஒழுங்கு தெளிவானதாக இருந்தும் மூன்று இடங்களில் நிர்வாகிகள் இடறுகிறார்கள். முதலாவது, உலகளாவிய உரிமை. ஒரு பயனருக்கு "எல்லாவற்றிலும் படிக்கலாம்" என்று சர்வர் முழுமைக்கும் ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொரு தரவுத்தளத்தின்மீதும் உள்ள உரிமையாகக் கணக்கிடப்படும். எல்லாப் பெயர்களும் பட்டியலில் வந்து நிற்கும். அறிக்கை எடுக்கும் மென்பொருளுக்காக அவசரத்தில் கொடுத்த உரிமை ஒன்று, ஊழியர் சம்பளத் தரவுத்தளத்தையும் திறந்துவிடுவது இப்படித்தான். எல்லாம் கொடுத்து ஒன்றை மட்டும் விலக்க வேண்டுமானால் 8.0.16 பதிப்பிலிருந்து வந்த பகுதி விலக்கு என்ற வசதியைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, அடிக்கோடு. உரிமை வழங்கும் கிராண்ட் கட்டளையில் தரவுத்தளப் பெயருக்கு நடுவே வரும் அடிக்கோட்டை மைஎஸ்க்யூஎல் "இந்த இடத்தில் எந்த ஓர் எழுத்தும் வரலாம்" என்று வாசிக்கிறது. கடை_1 என்ற தரவுத்தளத்துக்கு உரிமை தர எண்ணி அப்படியே எழுதினால், கடைx1 என்று வேறொன்று இருந்தால் அதற்கும் உரிமை போய்விடும். அடிக்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இட்டால்தான் அது வெறும் அடிக்கோடாக எடுத்துக்கொள்ளப்படும். சதவீதக் குறியின் வேலை இன்னும் பெரிது: அது எத்தனை எழுத்துக்கும் பொருந்தும். பகுதி விலக்கு வசதியை இயக்கியிருக்கும் சர்வரில் மட்டும் இக்குறிகள் சாதாரண எழுத்துகளாகவே நடத்தப்படுகின்றன. பெயரில் அடிக்கோடு இல்லாத தரவுத்தளத்தைப் பார்ப்பதே அரிது என்பதால், இந்தப் பொறி எங்கும் விரிந்து கிடக்கிறது.

மூன்றாவது, ரோல். மைஎஸ்க்யூஎல் 8இல் பல உரிமைகளைச் சேர்த்து ரோல் என்ற ஒரே பெயரில் கட்டி, பயனருக்கு வழங்கலாம். வழங்கியது மட்டும் போதாது. அந்த ரோல் அவர் உள்நுழையும்போது நடைமுறைக்கு வருமாறு இயல்பு ரோலாகவும் அமைக்க வேண்டும், அல்லது எல்லா ரோல்களும் உள்நுழைவிலேயே உயிர்பெறுமாறு சர்வர் அமைப்பை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் உரிமை கொடுத்தாயிற்று என்று நிர்வாகி சாதிப்பார். பட்டியலில் ஒன்றும் இல்லை என்று பயனர் சாதிப்பார். இருவர் சொல்வதும் உண்மையே.

போஸ்ட்கிரெஸ் வேறு பாதையில் போகிறது. அங்கே பிஜி_டேட்டாபேஸ் என்பது சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான அட்டவணை. உள்ளே வந்த எந்தப் பயனரும் அதைப் படிக்கலாம். ஆகவே ஒரே ஒரு தரவுத்தளத்தில் மட்டும் நுழையும் உரிமை உள்ளவருக்குக்கூட, அதில் நுழைந்த மாத்திரத்தில் மற்ற எல்லாவற்றின் பெயர்களும் தெரிந்துவிடும். புதிய தரவுத்தளம் உருவானதும் அதில் இணையும் உரிமை பொதுவாக எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. அதை நிர்வாகி ரிவோக் கட்டளையால் திரும்பப் பெறலாம். பெற்றபின் கதவு பூட்டப்படும், கதவின்மேல் உள்ள பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். தரவுத்தளங்களுக்கு வாடிக்கையாளர் நிறுவனங்களின் பெயரையே வைக்கும் பழக்கம் உள்ள அலுவலகம் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு வாடிக்கையாளரின் பயனர் கணக்கிலிருந்து, மற்ற வாடிக்கையாளர்கள் யார் யார் என்பதை ஒரே வினவலில் தெரிந்துகொள்ளலாம். பெயரே ரகசியமானால் அதைப் பெயரில் வைக்கக் கூடாது. வெறும் எண்ணோ பொருளற்ற குறியீடோ போதும். இல்லையென்றால் தனிச் சர்வரே வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லாத் தரவுத்தளங்களையும் காணும் உரிமை, வியூ எனி டேட்டாபேஸ் என்ற பெயரில், பொதுப் பயனர் அனைவருக்கும் இயல்பாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிடலாம். எடுத்தால் பயனருக்கு மாஸ்டரும் டெம்ப்டிபியும் தாம் உரிமையாளராக உள்ள தரவுத்தளங்களும் மட்டுமே தெரியும். இதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஒரு தரவுத்தளத்தில் பயனராகச் சேர்க்கப்பட்டு வேலை செய்யும் உரிமை பெற்றவர், அதன் உரிமையாளர் இல்லை என்றால், பட்டியலில் அது அவருக்குத் தெரியாது. பெயரைத் தட்டச்சு செய்து நுழைந்தால் வேலை நடக்கும். ஒரு தரவுத்தளத்துக்கு ஓர் உரிமையாளர்தான் இருக்க முடியும் என்பதால், பத்துப் பேர் பகிர்ந்து வேலை செய்யும் இடத்தில் இந்த வழி உதவாது. மேகச் சேவையான அஷூரில் தரவுத்தளத்துக்குள்ளேயே உருவாக்கப்பட்ட பயனர், இணையும் பெட்டியில் அதன் பெயரை முன்னதாகவே கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கருவி மாஸ்டரைத் தட்டும், கதவு திறக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் 2008 பதிப்பில் நேர்ந்த ஒரு தொல்லை, பட்டியல் என்பது எத்தனை நொய்மையானது என்பதைக் காட்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்த பலர் தரவுத்தளங்கள் என்ற கிளையை விரித்ததும், தமக்குத் தொடர்பே இல்லாத யாரோ ஒருவரின் தரவுத்தளத்தை அணுக அனுமதியில்லை என்று 916 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வந்தது. தம் சொந்தத் தரவுத்தளமும் தெரியவில்லை. காரணம் வலப்பக்க விவரப் பலகத்தில் இருந்த ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு தரவுத்தளத்தின் எழுத்து வரிசை முறையையும் அது காட்ட முயன்றது. மூடிக்கிடந்த அல்லது அணுக முடியாத தரவுத்தளம் ஒன்றிடம் அந்தக் கேள்வி போனதும் பட்டியல் முழுவதும் விழுந்தது. அந்த நெடுவரிசையின் தலைப்பை வலச்சொடுக்கி அதை நீக்கினால் எல்லாம் சரியானது. பெயர்களை மட்டும் கேட்டிருந்தால் வந்திருக்காத தொல்லை.

இனி கருவியின் பக்கம். இதில் நீண்ட அனுபவம் உடையது மைஎஸ்க்யூஎல்லுக்கான பிஎச்பிமைஅட்மின். 1998இல் டோபியாஸ் ராட்ஷில்லர் தொடங்கியது. 2001இல் ஒலிவியே முல்லர், மார்க் டெலில், லோயிக் ஷாப்போ ஆகியோர் கையில் கூட்டு முயற்சியாக மாறியது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் இக்கருவியைத் தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் திறந்துவிட்டதால், எதைக் காட்டுவது என்ற கேள்வி அதற்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அதன் அமைப்புக் கோப்பில் இதற்கென இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்லி_டிபி என்பதில் எழுதப்பட்ட பெயர்கள் மட்டுமே காட்டப்படும். ஹைடு_டிபி என்பதில் எழுதப்பட்ட வடிவத்துக்குப் பொருந்தும் பெயர்கள் மறைக்கப்படும். ஒன்று விருந்துக்கு அழைப்போர் பட்டியல். மற்றது வாசலில் தடுக்கப்படுவோர் பட்டியல்.

ஒன்லி_டிபியில் ஒரு பெயரையோ பல பெயர்களின் வரிசையையோ கொடுக்கலாம். அடிக்கோடும் சதவீதக் குறியும் இங்கேயும் தம் சிறப்புப் பொருளோடு வந்து சேர்கின்றன. ஆகவே பெயரில் உள்ள அடிக்கோட்டுக்கு முன் பின்சாய்வுக் கோடு வேண்டும். இந்தக் கட்டளைக்கு இன்னொரு பயனும் உண்டு: பட்டியலைக் கட்டுவதற்காகச் சர்வரிடம் கேட்கும் வேலை மிச்சமாவதால் சுமை குறைகிறது. ஆயிரக்கணக்கில் தரவுத்தளங்கள் உள்ள சர்வரில் இது சிறிய ஆதாயம் இல்லை. முன்னாளில் இதே கட்டளையைப் பெயர்களின் வரிசையை மாற்றவும் பயன்படுத்தினார்கள். பின்னர் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது.

ஹைடு_டிபி ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவ மொழியில் எழுதப்படுவது. இதில் தொடக்கத்தைக் குறிக்க ^ குறியும் முடிவைக் குறிக்க $ குறியும் இடாமல் எழுதுவதே மிகுதியாக நடக்கும் தவறு. சர்வரின் உள்வேலைத் தரவுத்தளமான சிஸ் என்பதை மறைக்க எண்ணி அந்த மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் எழுதினால், சிஸ்டம்ஸ் என்று தொடங்கும் தரவுத்தளமும் சேர்ந்து மறையும். பெயரின் நடுவில் அந்த எழுத்துகள் வரும் தரவுத்தளமும் மறையும். பெயர்களை அடைப்புக்குறிக்குள் | குறியால் பிரித்து எழுதி, முன்னே ^, பின்னே $ இட்டால் குறித்த பெயர்கள் மட்டும் மறையும். இந்தக் கட்டளை பெயரைத்தான் பட்டியலிலிருந்து எடுக்கிறது, அணுகலைத் தடுப்பதில்லை என்று கருவியின் ஆவணமே எச்சரிக்கிறது. உரிமை உள்ள பயனர் வினவல் பெட்டியில் பெயரை எழுதினால் மறைந்திருக்கும் தரவுத்தளம் உடனே திறக்கும். அட்மினர் என்ற எளிய கருவிக்கு யாகுப் வ்ரானா எழுதிய மறைப்பு நீட்சியிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது: அது தோற்றத்துக்காக, பாதுகாப்புக்காக இல்லை.

மறைக்காமலே பட்டியலை அடக்கும் வழியும் பிஎச்பிமைஅட்மினில் உண்டு. சிபேனல் போன்ற ஹோஸ்டிங் மென்பொருள்கள் வாடிக்கையாளரின் கணக்குப் பெயரை முன்னொட்டாக வைத்து, அடிக்கோடு இட்டு, அதன்பின் தரவுத்தளப் பெயரைச் சேர்க்கின்றன. கருவி அந்த அடிக்கோட்டைப் பிரிப்புக் குறியாகக் கொண்டு, ஒரே முன்னொட்டு உள்ளவற்றை ஒரு கிளைக்குள் மடித்து வைக்கிறது. உரிமை வழங்கும்போது பொறியாக இருந்த அதே அடிக்கோடு இங்கே உதவிக்கு வருகிறது. பெயர்கள் 30ஐத் தாண்டினால் தேடும் பெட்டி ஒன்று தானாகத் தோன்றும்; முதல் நிலையில் 100 வரை காட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். இந்த எண்கள் இயல்பாக அமைந்தவை. அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். தேடும் பெட்டியே பெரும்பாலோருக்குப் போதும் என்பதும், மறைப்பு அமைப்புகளை அதற்குப் பிறகே நாட வேண்டும் என்பதும் அனுபவம் காட்டுவது.

போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஅட்மினில் இந்தத் தேர்வு கூடுதல் பொருள் பெறுகிறது. போஸ்ட்கிரெஸில் ஓர் இணைப்பு ஒரு தரவுத்தளத்துக்கு மட்டுமே உரியது. மைஎஸ்க்யூஎல்லில் போல ஒரே இணைப்பிலிருந்து தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் தாவ முடியாது. எனவே மரத்தில் ஒவ்வொரு தரவுத்தளத்தை விரிக்கும்போதும் கருவி ஒரு புதிய இணைப்பைத் திறக்கிறது. சர்வர் இயல்பாக ஏற்கும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 100. நான்கைந்து பேர் ஆளுக்கு இருபது தரவுத்தளங்களை ஆவலோடு விரித்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், பயன்பாட்டு மென்பொருளுக்கு இடமில்லாமல் போகும். சர்வரைப் பதிவு செய்யும் பெட்டியில் டிபி ரெஸ்ட்ரிக்‌ஷன் என்றொரு கட்டம் இருக்கிறது. வேண்டிய தரவுத்தளங்களின் பெயர்களை அதில் எழுதினால், பட்டியலைக் கேட்கும் வினவலில் அவையே நிபந்தனையாகச் சேர்ந்துவிடும். டெம்ப்ளேட் தரவுத்தளங்கள் போன்ற உள்வேலைப் பொருள்களைக் காட்டுவதா வேண்டாமா என்பது தனி விருப்பம். இன்னும் இணையாத தரவுத்தளத்தின் படத்தின்மேல் தெரியும் சிவப்புப் பெருக்கல் குறியைக் கண்டு, ஏதோ கெட்டுவிட்டது என்று புதியவர்கள் பதறுவதுண்டு. விரிக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை.

டிபீவர் என்ற கருவி எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. போஸ்ட்கிரெஸ் இணைப்பை அமைத்தால் குறிப்பிட்ட அந்த ஒரு தரவுத்தளத்தை மட்டும் காட்டும். மற்றவையும் வேண்டுமானால் இணைப்பு அமைப்பில் எல்லாத் தரவுத்தளங்களையும் காட்டு என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். தவிர, எந்தக் கிளையின்மீதும் வடிகட்டி வைத்து, சேர்க்க வேண்டிய பெயர் வடிவங்களையும் விலக்க வேண்டிய வடிவங்களையும் தனித்தனியே எழுதலாம். ஹைடிஎஸ்க்யூஎல் என்ற கருவியில் இணைப்பு அமைப்பிலேயே தரவுத்தளங்கள் என்ற கட்டம் உண்டு. பெயர்களை அரைப்புள்ளியால் பிரித்து எழுதினால் போதும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் உள்வேலைத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவற்றைத் தானாகவே மறைத்துவைக்கிறது. பயனர் அட்டவணையைப் பார்க்க வேண்டி மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைத் தேடுபவர், விருப்பங்கள் பகுதிக்குள் போய் உள் ஸ்கீமாக்களைக் காட்டும் கட்டத்தில் குறியிடும் வரை அதைக் காண மாட்டார்.

இத்தகைய கருவிகளில் டேட்டாகிரிப் செய்வது பாராட்டத்தக்கது. அதுவும் தொடக்கத்தில் கொஞ்சமே காட்டுகிறது. தேர்ந்தெடுத்தவற்றின் அமைப்பை மட்டுமே சர்வரிடமிருந்து படித்துவைத்துக்கொள்கிறது, ஆதலால் பெரிய சர்வரிலும் விரைந்து திறக்கிறது. ஆனால் இணைப்பின் பெயருக்கு அருகில், ஆறில் ஒன்று என்பதுபோல் ஓர் எண்ணிக்கையையும் எப்போதும் வைத்திருக்கிறது. மறைந்திருப்பவை ஐந்து என்பது பார்த்தவுடன் தெரியும். அந்த எண்ணையே சொடுக்கித் தேர்வை மாற்றலாம். மற்றக் கருவிகள் இதைச் செய்யாததால்தான் "என் தரவுத்தளம் காணாமல் போய்விட்டது" என்ற கூக்குரல் எழுகிறது. யாரோ எப்போதோ வைத்த வடிகட்டியை மறந்துவிட்டு, காப்புப்பிரதியிலிருந்து மீட்க முனைபவரும் உண்டு. மீட்கும் அவசரத்தில், இருக்கும் நல்ல தரவின்மேலேயே பழைய தரவு எழுதப்பட்டுவிடும். பட்டியலில் இல்லாத தரவுத்தளத்தை, கருவியை விட்டு வெளியே வந்து, கட்டளை வரியில் ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் தொலைந்ததாக முடிவு செய்யக் கூடாது. உரிமை இல்லாமல் தெரியவில்லையா, வடிகட்டியால் தெரியவில்லையா என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

காட்டும் பட்டியலா, மறைக்கும் பட்டியலா, எதை வைப்பது? நாளை உருவாகப்போகும் தரவுத்தளம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும். காட்டும் பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் புதிதாக வருவது யார் கண்ணிலும் படாது. யாராவது போய்ச் சேர்த்தால்தான் தெரியும். மறைக்கும் பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் புதியது உடனே எல்லோருக்கும் தெரியும். நாள்தோறும் இரண்டு மூன்று தரவுத்தளங்களில் மட்டும் வேலை செய்யும் நிரலாளருக்கு முன்னது பொருந்தும். சர்வரின் முழு நலத்தையும் பார்க்கும் நிர்வாகிக்குப் பின்னதே பொருந்தும். உள்வேலைத் தரவுத்தளங்களை மட்டும் மறைத்துவிட்டு மற்றதெல்லாம் அவர் கண்முன் இருக்க வேண்டும். தமக்குத் தெரியாமல் சர்வரில் ஒன்று முளைத்திருப்பதை அவர்தான் முதலில் அறிய வேண்டியவர்.

காப்புப்பிரதி எடுப்பதிலும் இதே தேர்வு ஒளிந்திருக்கிறது. கருவியின் திரையில் தெரிவதற்கெல்லாம் குறியிட்டுக் காப்பு எடுப்பவர், மறைந்திருப்பதை விட்டுவிடுகிறார். அதனால் காப்பு வேலையைத் திரைப் பட்டியலிலிருந்து பிரித்து, கட்டளை வரிக் கருவிக்குக் கொடுப்பதே முறை. அங்கேயும் "எல்லாம்" என்ற சொல்லுக்கு எல்லை இருக்கிறது: மைஎஸ்க்யூஎல்டம்ப் எல்லாத் தரவுத்தளங்களையும் எடு என்ற விருப்பத்தோடு ஓடினாலும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா, பெர்ஃபாமன்ஸ்_ஸ்கீமா, சிஸ் ஆகியவற்றை எடுப்பதில்லை. அவை சர்வர் தானே உண்டாக்கிக்கொள்பவை என்பதால் இழப்பில்லை.

பட்டியலைச் சுருக்குவதால் வரும் பெரிய நன்மை வேகம் இல்லை, தவறான இடத்தில் கை வைக்காமல் தப்புவது. ஒன்றுபோல் பெயர் கொண்ட இரண்டு பொருள்கள் அருகருகே இருப்பதன் ஆபத்துக்குப் பலரும் அறிந்த சான்று 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. இரண்டாம்நிலைச் சர்வரில் இருப்பதாக எண்ணிய பொறியாளர், உண்மையில் முதன்மைச் சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சர்வர்களின் பெயர்கள் டிபி1, டிபி2. ஓர் எண்தான் வேறுபாடு. சுமார் 300 ஜிபி தரவு அழிந்தது. மீட்டபின்னும் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. அந்நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டதோடு, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும்படி கட்டளை வரியின் தோற்றத்தையும் மாற்றியது. அது கட்டளை வரியில் நடந்த பிழை. என்றாலும் உண்மையான தரவும் சோதனைத் தரவும் ஒரே மரத்தில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் கருவித் திரைக்கும் அதே பாடந்தான். வடிகட்டி மட்டும் இங்கே போதாது. இரண்டுக்கும் தனித்தனி இணைப்புகள், தனித்தனிப் பயனர் கணக்குகள் வேண்டும். டிபீவர், டேட்டாகிரிப் ஆகியவற்றில் இணைப்புக்கு நிறம் கொடுக்கும் வசதி இருக்கிறது, உண்மைத் தரவுக்குச் சிவப்பு வைப்பது பரவலான வழக்கம்.

தமிழ் எழுத்தில் தரவுத்தளத்துக்குப் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் ஏற்கும். மைஎஸ்க்யூஎல்லில் பெயர் 64 குறிகள் வரை இருக்கலாம். வட்டில் உருவாகும் கோப்புறையின் பெயரில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் @ குறியும் நான்கு இலக்கக் குறியீடுமாக மாறியிருக்கும். கோப்புறையை நேரடியாகப் பார்ப்பவருக்கு அது விளங்காது. போஸ்ட்கிரெஸில் எல்லை 63 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் ஆவதால் 21 குறிகளில் பெயர் முடிந்தாக வேண்டும். புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படும்: "தரவுத்தளம்" என்ற சொல்லே 10 குறிகள், 30 பைட்டுகள். பெயர்ப் பட்டியல் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானது என்பதால், வேறு எழுத்துக் குறியாக்கம் கொண்ட தரவுத்தளத்திலிருந்து பார்க்கும்போது அந்தப் பெயர் சிதைந்தும் தெரியலாம். வடிகட்டியில் தட்டச்சு செய்ய வேண்டிய பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைப்பதே இப்போதைக்குத் தொல்லையில்லாத வழி. லினக்ஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கொள்கிறது, விண்டோஸில் கொள்வதில்லை; எனவே எல்லாம் சிறிய எழுத்தாக இருப்பது இரண்டுக்கும் ஒத்துவரும்.

கடைசியாக, இந்தத் தேர்வு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. பிஎச்பிமைஅட்மினின் ஒன்லி_டிபி, ஹைடு_டிபி ஆகியவை கருவி நிறுவப்பட்ட சர்வரின் அமைப்புக் கோப்பில் இருப்பவை. அந்த முகவரி வழியாக வரும் எல்லோருக்கும் ஒன்றே. பிஜிஅட்மினும் டிபீவரும் ஹைடிஎஸ்க்யூஎல்லும் ஒருவரின் சொந்தக் கணினியில் நிறுவப்பட்டிருந்தால், தேர்வும் அந்தக் கணினியிலேயே தங்கும். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அது போய்ச் சேராது. புதுக் கணினி வாங்கி, கருவியை நிறுவி, அதே பயனர் பெயரோடு இணைந்தால் பழைய வடிகட்டி ஒன்றும் இராது. பிஜிஅட்மினில் சர்வரில் உள்ள எல்லாப் பெயர்களும் மறுபடி வரிசையாக வந்து நிற்கும். சர்வரில் கிராண்ட், ரிவோக் கட்டளைகளால் அமைத்தவை மட்டும், எந்தக் கணினியிலிருந்து எந்தக் கருவியோடு வந்தாலும், அப்படியே இருக்கும்.